பதினேழு சாவி, பதினெட்டு ஆள்

காலையில் சாவிகளைப் பலகையில் மாட்டும்போது பதினொன்றாம் எண்ணை மட்டும் அவர் கீழ் வரிசைக்கு இறக்கிவிடுவார். சுரங்கம் பெருக்குகிற அக்காவுக்கு மேல் வரிசை எட்டாது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை; அவரும் சொல்லிக்காட்டியதில்லை.

சாவிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பூமிக்கடியில் வளையமாக ஓடுகிறது அந்தச் சுரங்கம். அதில் கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் கதிராக மின்னல் வேகத்தில் சுற்றவிடுவார்கள். அந்தக் கதிரின் ஓரத்தைக் கொஞ்சம் சீவி, அசையாமல் நிற்கும் உலோகத் தகட்டில் மோதவிட்டு, என்ன சிதறுகிறது என்று பார்ப்பார்கள். அப்போது உள்ளே ஆள் இருந்தால் உயிர் தங்காது. அதனால் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி. அத்தனையும் பலகைக்குத் திரும்பி, அனுமதிக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் கதிர். உதடு அசைய அவர் எண்ணுவது, சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும்.

அன்று மதியம் பதினேழு சாவியில் பதினாறு திரும்பிவிட்டன.

"மூணு வருஷம் காத்திருந்து கிடைச்ச ஆறு மணி நேரம்ண்ணே. சீக்கிரம்." ஆராய்ச்சிக்கார அம்மா காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றாள்.

அக்கா வந்து பதினொன்றை மாட்டினாள். அவர் தலையைத் தூக்கினார்.

"ரெண்டு பேரும் வாயடிச்சுக்கிட்டேதானே வருவீங்க. தங்கச்சி எங்கம்மா?"

"முன்னாடியே வந்திருப்பா…" சொல்லிக்கொண்டே கதவைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் சாவி தீர்ந்திருந்தது. யாராவது வெளியே வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல், கூடவே பெருக்குகிற தங்கையை அக்காதான் கதவைப் பிடித்து உள்ளே விட்டிருந்தாள்.

"பலகை நிறைஞ்சிருக்கே. இன்னும் என்ன?" என்றாள் ஆராய்ச்சிக்கார அம்மா.

"சாவி வந்திருச்சு. ஆள் வரலை." காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நாற்பது நிமிடம். அக்கா சுவரைப் பிடித்தபடி, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்கார அம்மா, பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். "தொண்டை கிழியக் கத்துறேன், இவ காதை அடைச்சுக்கிட்டுத் துடைக்கிறா."

"இரைச்சல்ல அடைச்சுக்கச் சொன்னதே நீங்கதானே," என்றாள் தங்கை, ஒன்றும் புரியாமல். அக்கா அவளை முதுகில் ஓர் அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே இருவரையும் மேல்மாடி அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அக்கா சொல்லிக்கொள்ள வந்தாள்.

"ஆண்டவன்தான் உங்க உருவத்துல வந்தான்ண்ணே."

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்படிச் சொல்லாதம்மா. நீ சாவியை மாட்டினதுமே நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம்தான் தலையைத் தூக்கினேன்."