பழைய பேயும் புதுப் பேயும்

செத்துப்போன ஒருத்திமேல் பொறாமைப்படுவது நல்ல பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? படுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவள் பெற்ற பெண்ணுக்கு நான் சித்தியாக வந்தேன். அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். ஆடி மாதம் அவளுக்குப் புதுச்சேலை, பூ, வளையல் எல்லாம் வைத்துப் படையல் போடவேண்டும். கடை கடையாக ஏறிச் சேலை எடுக்கிறவள் நான், வடை சுடுகிறவள் நான், விழுந்து கும்பிடுகிறவளும் நான். 'உனக்கு இன்னும் இன்னாதான்மா வேணும்?' என்று கும்பிடும்போதே மனசுக்குள் கேட்டிருக்கிறேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். டிவி வந்து கெடுத்தது.

பல வருஷம் முன்பு ஓடிய ஒரு பேய் நாடகத்தைப் புது ஆட்களைப் போட்டு மறுபடியும் எடுத்திருந்தார்கள். புருஷன் இன்னொருத்தியைக் கட்டியதும், செத்துப்போன முதல் மனைவி வீட்டுக்குத் திரும்பி வருகிற கதை. பாருங்கள், எனக்கென்றே எடுத்த மாதிரி! சாயந்திரம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் முகம் கழுவி, டீ போட்டு எடுத்துக்கொண்டு அந்தப் பெண் பக்கத்தில் உட்காருவேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். அந்த அரைமணி நேரத்துக்காக ஓவர்டைமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் நிம்மதியாகப் பார்க்கவிட்டால்தானே?

"இன்னா சித்தி இது, பழசுல இப்டி இல்ல."

"பழசுல எப்டியாம்?"

"பழசுல அந்தப் பேய் யாரையும் ஒண்ணும் பண்ணாது. பொண்ணு தூங்கனப்புறம் வந்து, தல வாரிவிட்டுட்டுப் போய்டும். நானும் அம்மாவும் டெய்லி பாப்போம்."

புதுப் பேய் சுவரில் ஏறினால் பழசு ஏறாது என்பாள். புதுப் பேய் கத்தினால் பழசு தாலாட்டுப் பாடும் என்பாள். எதற்கெடுத்தாலும் பழசுதான் ஒசத்தி. நாடகத்தைத்தான் சொல்கிறாளா, என்னையும் சேர்த்துச் சொல்கிறாளா? எனக்கு வயிறு எரிந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பழசில், பார்த்துவிடுவோம் என்று போனில் தேடினேன். மொத்தமும் கிடைத்தது. வேனில் போகும்போதும் வரும்போதும் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். "இன்னாக்கா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று பக்கத்து சீட்டுக்காரி கிண்டலடித்தாள். அடித்துக்கொள்ளட்டும்.

ஐயோ, அந்தப் பேயைப் பார்க்க வேண்டுமே! முகத்தில் அப்பிய பவுடர், ஒரே ஒரு வெள்ளைச்சேலை, பின்னால் சாம்பிராணிப் புகை. அதாவது போகட்டும். தலை வாருகிறதாவது! வந்த அன்றைக்கே இரண்டாம் தாரத்தின் கழுத்தை நெரிக்கிறாள். பிறகு பெற்ற மகளையே கிணற்றுக்குள்ளிருந்து வா வா என்று கூப்பிடுகிறாள். கடைசிவரைக்கும் சீப்பைக் கையால் தொடவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எப்போது வீடு வரும் என்று இருந்தது.

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "உன் பழைய பேய் தல வாருதா? கழுத்த நெரிக்குதுடி! நான் மொத்தமும் பாத்துட்டேன். இந்தா, நீயே பாரு."

போனை வாங்கிப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"இதுவா சித்தி அது?"

"அதேதான். நீதான டெய்லி பாத்தேன்னு சொன்ன?"

"நான் எங்க பாத்தேன்? பேய் வர்ற மியூசிக் போட்டாலே அம்மா மடில மூஞ்சி வெச்சி கண்ண மூடிப்பேன். இன்னா நடக்குதுன்னு அம்மாதான் சொல்லும்." மறுபடியும் போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா எவ்ளோ பொய் சொல்லிருக்குது பாரேன்!" சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் நின்றது.

டிவியில் ஒருத்தி கழுத்தை நெரித்துக்கொண்டிருக்க, மடியில் கிடந்த பிள்ளையிடம் 'தல வாரிவிட்றாடி' என்று சொல்லியிருக்கிறாள் மகராசி. அவள் சொன்ன அந்த நாடகத்தை நான் எந்தப் போனில் தேடுவேன்? அப்படி ஒரு சிரிப்பை நான் வந்ததிலிருந்து ஒரு நாளும் இந்தப் பெண் எனக்காகச் சிரித்ததில்லை.

மறுநாள் சாயந்திரம் வழக்கம்போல உட்கார்ந்தோம். பேய் வருகிற மியூசிக் போட்டதும் நான் அவள் பக்கம் நகர்ந்தேன்.

"பயமா இருந்தா கண்ண மூடிக்கோ. இன்னா நடக்குதுன்னு நான் சொல்றேன்."

"எனக்கு இன்னா பயம் சித்தி? எல்லாம் கிராபிக்ஸ்தான?" என்று சொல்லிவிட்டு மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

அங்கே அது நகத்தை நீட்டிக்கொண்டு சுவரிலிருந்து இறங்கியது. இவள் கண்கூடச் சிமிட்டவில்லை. இவ்வளவு செலவு செய்து எடுத்திருக்கிறார்கள், ஒரு பிள்ளையைப் பயமுறுத்தத் துப்பில்லையா அந்தப் பேய்க்கு? ஒரே ஒரு தடவை, ஐயோ சித்தி என்று என் பக்கம் திரும்பிவிட மாட்டாளா என்று, டிவியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.