போட்டிக்கு ஆள் தேடியவன்

என் வீட்டு அலமாரியில் ஐந்து கோப்பைகள் இருக்கின்றன. எல்லாம் குதிரையேறித் தடை தாண்டியதற்காக வாங்கியவை. எப்போதாவது வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்து, மணலிப் பக்கத்தில் இப்படியொரு ஆளா என்று வாயைப் பிளப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அவர்களிடம் சொல்வதில்லை. எதிரே ஆளே இல்லாமல் வாங்கியவையும் அதில் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மாத்தூரில் ஒரு போர்ஷனில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு மைதானம். அதன் சொந்தக்காரர் எஸ்டேட் வேலையில் ஓய்வுபெற்றவர், குதிரைப் பைத்தியம், மூன்று குதிரைகள் வைத்திருந்தார். எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. முதலில் வேடிக்கை பார்க்கப் போனேன், பிறகு குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். இரண்டு வருடத்தில் அவருடைய கறுப்புப் பெண்குதிரை மேல் உட்கார்ந்து தடை தாண்டிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு அங்கே போட்டி நடக்கும். காலி டிரம்களின் மேல் சிவப்பும் வெள்ளையும் அடித்த சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே வைத்து எட்டுத் தடைகள். கட்டையைத் தட்டாமல், குதிரை முரண்டு பிடிக்காமல், யார் சீக்கிரம் தாண்டி முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. ஆரம்பத்தில் தெற்கே அடையாறு, வேளச்சேரிப் பக்கமிருந்து லாரியில் குதிரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவர், இந்தக் காற்றுக்குத் தன் குதிரை ஒரு வாரம் இருமியது என்றார். நாங்கள் வருடம் முழுக்க அதே காற்றைத்தான் சுவாசித்தோம், எங்களை யார் கேட்டார்கள்?

கடைசியில் ஒரு வருடம் நான் மட்டும்தான். சொந்தக்காரர் மைக்கில் என்னை அழைத்து மணி அடித்தார். எட்டையும் தாண்டினேன். பார்த்தவர்கள் டீக்கடைக்காரரும் இரண்டு லாரி கிளீனர்களும். பரிசு வாங்க ஒன்று என்று எழுதிய பெட்டி மேல் ஏறி நின்றேன். பக்கத்தில் இரண்டும் மூன்றும் காலியாக இருந்தன. அவ்வளவு வெட்கம் எனக்கு எந்தத் தோல்வியிலும் வந்ததில்லை.

அன்றைக்கே சொந்தக்காரர் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் வெளியிலேர்ந்து அஞ்சு குதிரையாவது வரணும்ப்பா. இல்லேன்னா இந்த எடத்த கண்டெய்னர் யார்டுக்குக் கேக்கறாங்க, குடுத்துடறேன். நீ ஒருத்தன் தாண்டறதுக்கு ஷோ எதுக்கு?"

மைதானம் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஞாயிறு இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமும் போர்ஷனும்தான். அதனால் நோட்டீஸ் அடித்தேன். தெற்கே இருந்த லாயங்களுக்கு டிவிஎஸ் வண்டியில் அலைந்தேன். எல்லோரும் டீ கொடுத்து, "பார்க்கலாம் சார்" என்றார்கள். போட்டியாளன் குதிரைக்கொம்பாகிவிட்டான். பிறகுதான் புத்தி வந்தது. குதிரை ஏன் அடையாற்றிலிருந்தே வர வேண்டும்? நம் பக்கத்தில் இல்லாத குதிரையா?

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விட்டுவந்தார். அவரிடம் நாலு வெள்ளைக் குதிரைகள். நான் சொன்னதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊராமூட்டு மாப்ளயெல்லாம் செமந்து செமந்து அதுங்களுக்கும் பேஜாராகீது சார். ஒரு நாளு வெளாடிட்டுப் போவட்டும். நாலயும் இட்டாறேன்."

ஐந்தாவது குதிரை நெட்டுக்குப்பத்தில் இருந்தது. சிவப்புக் குதிரை, ஒரு கால் மட்டும் வெள்ளை. அதன் சொந்தக்காரர் மீன் லோடு ஏற்றுகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வண்டிப் பந்தயத்துக்காகவே அதை வளர்த்தார். அந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. குதிரை நடையோட்டத்தில்தான், கால்களை மாற்றி மாற்றி வைத்துத்தான், ஓட வேண்டும். எவ்வளவு வேகம் வந்தாலும் பாய்ச்சலுக்கு மாறக் கூடாது, மாறினால் அந்த வண்டி அவுட். அதனால் குட்டியிலிருந்தே பாய விடாமல் பழக்குவார்கள். பாய்வது என்று ஒன்று இருப்பதையே அது மறந்துவிட வேண்டும்.

"இன்னா சார், வெளாடறியா?" என்றார் அவர். "மூணு வருசமா கொயந்த மாதிரி பயக்கி வெச்சிகீறேன். நீ இன்னாடான்னா தாண்ட வுட சொல்ற. ருசி கண்டுச்சினா அப்பால நிக்காது."

"ஒரு நாள்தானே" என்றேன். நாலு முறை போய், நாலு முறையும் அதையே சொன்னேன். கடைசியில் ஒப்புக்கொண்டது குதிரைக்காக இல்லை. என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் என்று பிறகு அவரே சொன்னார்.

புரட்டாசியிலிருந்து ஞாயிறுதோறும் எல்லோரும் வந்தார்கள். முழங்கால் உயரத்தில் கட்டை வைத்துப் பழக்கினோம். பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சேமியா வரும், நெட்டுக்குப்பத்திலிருந்து வறுத்த சென்னாக்குனி இறால் வரும். போட்டி என்றால் பூட்ஸ் வேண்டும் என்பதால் என் பழைய பூட்ஸை நெட்டுக்குப்பத்தாருக்குக் கொடுத்தேன். பெரிதாக இருந்தது. உள்ளே செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டார். எப்போது "சார்" போய் "மாமு" வந்தது என்று நினைவில்லை. "மாமு, உன் குதிரைக்கு வயசாயிடுச்சி, உனக்கும்தான்" என்று அவர் கத்துவார். அந்த நாலு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். திங்கட்கிழமை காலையிலேயே ஞாயிறுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவேன். மைதானத்தைக் காப்பாற்றத்தான் ஆள் சேர்த்தேன் என்பதே மறந்துபோயிற்று.

போட்டி நாளில் நான் ஒரு கூத்து பண்ணினேன். கூட்டம் சேர்க்கப் புளியந்தோப்பிலிருந்து பேண்டு செட் வரவழைத்தேன். பாயின் முதல் குதிரை ஜோராக ஓடிவந்து தடைக்கு முன்னால் பேண்டு சத்தத்தைக் கேட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. அப்படியே நின்று, கழுத்தை வளைத்து, மாப்பிள்ளையைச் சுமப்பதாக நினைத்து ஆட ஆரம்பித்துவிட்டது. நான் ஓடிப்போய் பேண்டை நிறுத்துவதற்குள் வெளியே காத்திருந்த மற்ற மூன்றும் ஆடின. கூட்டம் விசிலடித்தது. பாய் கண்ணில் நீர் வரச் சிரித்து, "மாப்ள எங்கடா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவற்றில் ஒன்றுகூடத் தடையைத் தாண்டவில்லை.

நான் சுத்தமாகத் தாண்டினேன். பிறகு சிவப்புக் குதிரை வந்தது. முதல் இரண்டு தடைகளையும் நடையோட்டத்தில் வந்து தத்தித் தாண்டியது. மூன்றாவதுக்கு முன்னால் அதன் உடம்பில் என்னமோ அவிழ்ந்தது. நாலு காலையும் சேர்த்துப் பாய்ந்தது. அவர் அதைப் பிடித்து இழுக்கவில்லை, லகானைத் தளர்த்திக் குனிந்துகொண்டார். ஒரு கட்டைகூட விழவில்லை. நேரத்தில் என்னை மிஞ்சிவிட்டார். நான் இரண்டு என்று எழுதிய பெட்டி மேல் ஏறி, பக்கத்தில் நின்ற மனிதரை அண்ணாந்து பார்த்தேன். கை வலிக்கக் கை தட்டினேன். மைதானத்துக்கும் ஒரு வருடம் கிடைத்தது.

பங்குனியில் வண்டிப் பந்தயம் தொடங்கியது. அதன் பிறகு நெட்டுக்குப்பத்தார் ஞாயிறுகளில் வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அப்படி நினைக்க விரும்பினேன். பாய்தான் சொன்னார். சிவப்புக் குதிரை முதல் பந்தயத்தில் பாதி தூரத்தில் பாய்ச்சலுக்கு மாறி அவுட். இரண்டாவதிலும் அவுட். மூன்றாவதில் பக்கத்து வண்டியோடு மோதப் பார்த்தது. மாத்தூருக்குப் போனால் குதிரை கெட்டுவிடும் என்று காசிமேடு வரைக்கும் பேச்சாகிவிட்டது. அதைச் சொன்ன பாயும் அடுத்த மாதத்திலிருந்து கல்யாண சீசன் என்று நின்றுகொண்டார்.

ஆடி கழிந்து ஒரு சாயங்காலம் அவர் சிவப்புக் குதிரையை நடத்திக்கொண்டே வந்தார். நெட்டுக்குப்பத்திலிருந்து நடந்து. கேட்டில் கயிற்றைக் கட்டினார். பையிலிருந்து பூட்ஸை எடுத்துக் கீழே வைத்தார். உள்ளே செய்தித்தாள் அப்படியே இருந்தது.

"உன்கிட்டயே இருக்கட்டும் சார். இனிமே இது ஓடாது, தாண்டத்தான் செய்யும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குதிரையின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு, "தண்ணி ராவுல ஒருவாட்டி காட்டு சார், அதுக்கு அது பயக்கம்" என்றார். என் காதில் அந்த "சார்" மட்டும்தான் விழுந்தது.

அடுத்த பொங்கலுக்கு நோட்டீஸ் அடித்தேன். நெட்டுக்குப்பத்துக்கு நேரிலும் போய்க் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார். யாரும் வரவில்லை. சொந்தக்காரர் மனசில்லாமல், "கடைசியா நடத்திடுவோம்" என்றார். அவர் கையிலிருந்த தாளில் இரண்டு குதிரைகள், இரண்டுக்கும் ஒரே ஆள்.

முதலில் கறுப்பில் தாண்டினேன். இறங்கி, அதைக் கட்டிப் போட்டுவிட்டு, சிவப்பில் ஏறினேன். மூன்றாவது தடைக்கு முன்னால் அது பாய்ந்தது. நானும் அவரைப் போலவே லகானைத் தளர்த்திக் குனிந்துகொண்டேன். கறுப்பைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டது. சொந்தக்காரர் மைக்கில் முதல் பரிசு என்று என் பெயரைச் சொன்னார். இரண்டாம் பரிசு என்று மறுபடியும் என் பெயரைச் சொல்ல வந்தவர், பாதியில் மைக்கை அணைத்துவிட்டார். நான் எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. கேட் அருகில் போய் நின்று, இருட்டும் வரை நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிற சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.