திராட்சை வாசனை

எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முடித்தவளிடம் ஊர் உலகம் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒரே வரிசைதான். "டாக்டரா?" இல்லை. "நர்ஸா?" அதுவும் இல்லை. "அப்போ என்னதான் வேலை உனக்கு?" கிருமி வளர்க்கிறேன் என்று சொன்னால் போச்சு, கேட்டவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். பெற்ற அப்பாவுக்கே அது கடைசி வரை விளங்கவில்லை, பாவம். மகள் ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அக்காவுக்கு மட்டும் விளங்கியது. "என் கல்யாணத்துக்கு என்ன அவசரம், இவ படிச்சு முடிக்கட்டும்" என்று வீட்டில் சண்டை போட்டுத் தங்கையைப் படிக்க வைத்தவள் அவள்தான். வகுப்பு தொடங்கிய முதல் வாரமே தங்கை வீட்டில் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி உயிரை எடுத்தாள். அதற்கு அக்கா வைத்த பெயர் 'கிருமி'. அதுவே நிலைத்துவிட்டது.

கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருத்தி ஐஸ்கிரீம் கம்பெனியில் பால் சோதிக்கிறாள். ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசல்களில் காத்துக் கிடக்கிறான், மருந்து விற்க. இன்னொருவன் முனைவர் பட்டத்துக்காக ஒரே பூஞ்சையைக் கட்டிக்கொண்டு இன்னமும் அழுகிறான். கிருமிக்குக் கிடைத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடம். ஜன்னல் இல்லாத கீழ்த்தளம். நோயாளியின் ரத்தமோ சளியோ வரும். அதைத் தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் தடவி உடம்புச் சூட்டில் வைத்தால் மறுநாள் முளைத்திருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். நோயாளிகளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று முதல் வருஷமே மிரட்டி வைப்பார்கள். மோந்து பார்க்காதவர் அந்தத் தொழிலில் யாரும் கிடையாது. ஒரு கிருமி இருக்கிறது, வளர்ந்தால் தட்டே பச்சையடித்துப் போகும், கனிந்த திராட்சை வாசனை வீசும். ஐ.சி.யு.விலிருந்து வரும் தட்டுகளில் அந்த வாசனை அடிக்கடி வந்தது. சந்தேகப்பட்டு, அங்கே கை கழுவும் தொட்டியின் ஓட்டையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து வந்து வளர்த்துப் பார்த்தாள். அதே பச்சை, அதே வாசனை. குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக ஓட்டையில் அடித்துப் பக்கத்துக் கட்டில் வரை தெறிக்கிறது. தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான பெரிய டாக்டரிடம் சொன்னாள். "மாத்தச் சொல்றேம்மா" என்றார். மறுபடி சொன்னாள், மறுபடியும் அதே பதில். சொல்லிச் சொல்லி வாய் வலித்து, விட்டுவிட்டாள். தட்டு வரும், எழுதுவாள், அனுப்புவாள்.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்றதும், "எங்க ஆஸ்பத்திரிக்கே வா. ஒரு ராத்திரி படுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று கூப்பிட்டதே கிருமிதான். கல்லை எடுத்த இடத்தில் பித்தம் கசிந்து காய்ச்சல் வந்தது. அக்காவை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காலியாக இருந்த ஒரே கட்டில் தொட்டிக்குப் பக்கத்தில். கிருமி வேறு கட்டில் கேட்டு நர்ஸிடம் கெஞ்சினாள். "எங்கே மாத்தறது, நீங்களே சொல்லுங்க" என்றாள் நர்ஸ். அவள் சொல்வதும் நியாயம்தானே.

"ஏய் கிருமி, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" அக்கா படுத்தபடி சிரித்தாள். "கை கழுவினியா?"

கழுவவில்லை. அந்தத் தொட்டியில் எப்படிக் கழுவுவாள்?

தணிந்த காய்ச்சல் திரும்பவும் ஏறியது. தொண்டையில் குழாய் போட்டார்கள், பேச்சு நின்றது. அக்காவின் ரத்தம் கீழே பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். வேறு யாரையும் தொட விடவில்லை. காலையில் தட்டின் மூடியை லேசாக நகர்த்தியதுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அந்தக் கிருமியைத் தடவிய தட்டில், மருந்தில் நனைத்த சின்னச் சின்னக் காகித வட்டங்களை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றி எதுவும் முளைக்காது, அந்த இடம் வெறிச்சென்று கிடக்கும். அவளுக்கு ஒரே ஒரு வெறும் இடம் போதும். அது கிடைத்தால் அக்கா பிழைப்பாள். மறுநாள் எடுத்துப் பார்த்தாள். எல்லா வட்டங்களின் விளிம்பு வரை பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லா மருந்தும் கையை விரித்துவிட்டது. விளக்குக்கு நேராகப் பிடித்தாள், அளவுகோலை வைத்தாள். அளக்க அங்கே என்ன இருக்கிறது? மூலையில் நிற்கும் பெரிய பிரஷர் குக்கரில் போட்டால் இதே கிருமி பூண்டோடு அழியும். பழைய தட்டுகளைத் தினமும் போட்டு அழிக்கிறவள் அவள்தான். அக்காவை அதில் வைக்க முடியாதே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

ஐ.சி.யு. வாசலில் அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ படிச்ச படிப்புதானேடி இது? எந்த மருந்துன்னு நீதானே சொல்லணும்?"

"எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குதும்மா."

இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

அழுது ஓய்ந்த பிறகு அம்மா கேட்டாள். "கல்லுன்னுதானே வந்தோம். இது எங்கேர்ந்து வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இங்கேர்ந்துதாம்மா. அவ கட்டில் பக்கத்துல இருக்கே, கை கழுவற தொட்டி, அதுலேர்ந்து."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். சொல்லிப் பாத்தேன், யாரும் காதுல போட்டுக்கலை. அக்கா அங்கே போக வேண்டி வரும்னு நினைக்கலைம்மா."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "அவளுக்கு முன்னாடி அங்கே படுத்திருந்தவங்க?"

எழுதி அனுப்பிய எண்கள்தான் கிருமிக்கு ஞாபகத்துக்கு வந்தன. அந்த எண்களுக்கும் அக்காக்கள் தங்கைகள் இருந்திருப்பார்கள் என்று இத்தனை நாள் உறைக்காமல் போனதே என்று நெஞ்சு எரிந்தது. எழுந்து உள்ளே போனாள். அக்கா கட்டிலில் அதற்குள் வேறொருத்தி படுத்திருந்தாள், கண் மூடி. கிருமி குழாயை இறுக்கி மூடினாள். மருந்துத் தள்ளுவண்டியிலிருந்து அகலமான பிளாஸ்டரை எடுத்து, குழாயின் கைப்பிடி அசைய முடியாதபடி சுற்றிச் சுற்றிக் கட்டினாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்னங்க இது? பெரிய டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் கட்டினேன்னு சொல்லுங்க. அவர் வர்ற வரைக்கும் இங்கேதான் நிப்பேன்."

அக்காவைக் கொண்டுபோக வண்டி வந்துவிட்டது என்று சொல்ல அம்மா கதவருகில் வந்தாள். குழாயைப் பார்த்தாள். அதில் சுற்றியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள்.

"இதை நிறுத்த இவ்வளவுதான் வேலையாடி?" என்று கேட்டாள்.