இருமல் நின்றது, நோய் நிற்கவில்லை

கட்டுமரத்தைக் கரையேற்றும்போதுதான் சளியில் ரத்தம் பார்த்தேன். காலால் மணலைத் தள்ளி மூடினேன். என் மனைவி அஞ்சலை அதற்குள் பார்த்துவிட்டாள்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் படம் பிடிப்பது) எடுத்தார்கள். காசம் என்றார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி) தினமும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் ஊர் கருக்களாச்சேரியிலிருந்து நடக்கிற தூரம்தான். போய்வந்தேன். காய்ச்சல் விட்டது. இருமல் விடவில்லை.

தெரிந்தவர் ஒருவர் நாட்டு வைத்தியரிடம் அழைத்துப்போனார். வைத்தியர் ஆடாதோடை இலைக் கஷாயம் கொடுத்தார். "மீன் வாடையே ஆவாதுப்பா. ஊசியும் இதோட சேராது" என்றார்.

எங்கள் குப்பத்தில் மீன் வாடை இல்லாத இடம் ஏது? பாயில், சுவரில், அஞ்சலையின் கையில் எல்லாம் அதுதான். பத்தியம் காக்கப் பூவம் கிராமத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே சுற்றிலும் வயல். ஆஸ்பத்திரி தூரமாகிவிட்டது. ஊசியை விட்டேன்.

கஷாயத்தில் இருமல் குறைந்தது. பிறகு நின்றே போனது. பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அஞ்சலை பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மீன்காரி உள்ள வரலாமா, பத்தியம் கெட்டுடுமா?"

"இருமல் போயிடுச்சு புள்ள."

"ஆமா. கூடவே நீங்களும் போய்க்கிட்டிருக்கீங்க. வேட்டி இடுப்புல நிக்குதா பாருங்க."

"சாயங்காலமானா உடம்பு கொதிக்குது அஞ்சல. சொன்னா கேக்க மாட்டேங்குறான்" என்றாள் அக்கா.

மறுநாள் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரல் புண் பெரிதாகியிருந்தது.

"கஷாயம் இருமலை அடக்கும். கிருமியைக் கொல்லும்னு யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல. ஊசியை ஏன் விட்டீங்க?"

"மீன் வாடைங்க" என்றேன். விவரம் சொன்னேன்.

அவர் படங்களை மேஜைமேல் வைத்தார். "மீனு நல்லா சாப்பிடணும் நீங்க" என்றார்.

"இனிமே ஊசி கேக்குங்களா?" என்றாள் அஞ்சலை.

"போட்டுப் பாத்தாதாம்மா தெரியும்."

கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையும். வலது நுரையீரல் பாதி சுருங்கிப்போனது.

இந்த நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இலையை நான் திட்டமாட்டேன், இருமலுக்கு அது நல்லதுதான். ஆனால் இருமலை வைத்து நோயை அளக்காதீர்கள். காய்ச்சலைப் பாருங்கள், எடையைப் பாருங்கள், படம் எடுத்துப் பாருங்கள். டாக்டர் போதும் என்கிறவரை ஊசியை விடாதீர்கள்.

இப்போது கடலுக்குப் போவதில்லை. கரையில் வலைக் கிழிசல் தைக்கிறேன். மணல் மேடு ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறேன். முன்பு அப்படி நிற்க வெட்கமாக இருக்கும். இப்போது அவசரம் இல்லை. மூச்சு வந்து சேர்கிறது. அதன் பிறகு நடக்கிறேன்.