பல்செட்டும் விமானமும்

கடைசியாக மம்மியும் நானும் சேர்ந்து செய்த வேலை, அவள் தலையிலிருந்து பசையை அலசி எடுத்தது. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் மக்கில் வெந்நீர் ஊற்றினேன். மூளையின் மின்னலைகளைப் பிடிக்கும் உலோக வில்லைகளைத் தலையில் ஒட்டும் பசை அது. காய்ந்தால் சோற்றுப் பருக்கை மாதிரி முடியோடு ஒட்டிக்கொள்ளும்.

"எண்பத்தி மூணு மார்க்," என்றாள்.

"மார்க் இல்ல மம்மி, ஸ்கோர்."

"ரெண்டும் ஒண்ணுதான். தண்ணி கண்ணுல போவுது பாரு."

அது செவ்வாய்க்கிழமை, பதினைந்தாவது அமர்வு. அந்த ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும்போது மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். வயது அறுபத்தெட்டு. பதினைந்து வாரம் அதே தலையைப் பார்த்துக்கொண்டிருந்த கருவிக்கு அது தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. நான் பொறியாளர், கருவியைக் குறை சொல்லமாட்டேன்.

ஜோசஃபின் டீச்சர் என்றால் பெங்களூர் தொம்மலூரில் தெரியும். முப்பத்துநான்கு வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு. இரண்டு வருடம் முன்பு அவள் போன மெட்ரோ ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே பதினொரு நிமிடம் நின்றது. விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது, வேறொன்றும் நடக்கவில்லை. மம்மிக்கு மட்டும் வேர்த்து, கை மரத்து, உயிர் போகிறது என்று தோன்றியிருக்கிறது. பெட்டியின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதயத்தில் கோளாறு இல்லை, பதற்றம்தான் என்றார்கள். அதன்பிறகு மெட்ரோ இல்லை, பஸ் இல்லை, லிஃப்ட் இல்லை. எங்கே போனாலும் கூட மகள் நான்.

"என்ன பார்சல் மாதிரி தூக்கிட்டுப் போற," என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மறுபடி மெட்ரோவில் தனியாகப் போய் வர வேண்டும்.

நியூரோஃபீட்பேக் என்ற சிகிச்சையை நான்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். சிலவற்றில் பலன், சிலவற்றில் இல்லை, பலவற்றில் ஆட்கள் குறைவு. இந்த அளவு தரவோடு யாராவது ஒரு உதிரிபாகத்தைக் கொண்டுவந்தால் ஆபீசில் திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மாவுக்கு இருபது அமர்வு பதிவு செய்தேன்.

மெட்ரோவுக்குப் பயப்படுகிறவளின் சிகிச்சை நிலையம் வைட்ஃபீல்டில், மெட்ரோவின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே காரில் போனோம். ஒன்றே முக்கால் மணி நேரம். போய்ச் சேர்ந்ததும் ஒரு படிவம்: பத்துக்கு எவ்வளவு அமைதியாக உணர்கிறீர்கள்? மாரத்தஹள்ளி சிக்னலைத் தாண்டி வந்த யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி.

டாக்டர் வெங்கடராமன் விளக்கினார். திரையில் ஒரு விமானம். மனம் அமைதியானால் மேலே பறக்கும், பதறினால் இறங்கும். மூளை தானே கற்றுக்கொள்ளும்.

"இதுக்கு போர்ஷன் என்ன?" என்று கேட்டாள் மம்மி.

வில்லைகளை ஒட்டிக்கொண்டிருந்த ஓசூர்ப் பெண் அனுஷா சிரித்தாள். "போர்ஷன்லாம் இல்ல ஆன்ட்டி. சும்மா உக்காருங்க."

"சும்மா உக்காந்தா யாரும்மா மார்க் போடுவாங்க?"

முதல் நாள் நாற்பத்தொன்று. அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. பதற்றத்தைக் குறைக்கும் சிகிச்சையில் ஃபெயிலாகிவிடுவோமோ என்ற பதற்றத்தில், அடுத்தடுத்த செவ்வாய்களில் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆறாவது வாரம் திடீரென்று எழுபத்தெட்டு. டாக்டர் அந்த ஸ்கோர் வரைபடத்தை அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். எனக்குச் சந்தேகம். காரில் ஏறியதும் கேட்டேன்.

"என்ன பண்ண?"

கைப்பையைத் திறந்து காட்டினாள். கைக்குட்டையில் சுற்றிய கீழ்வரிசைப் பல்செட்.

அது லூசாகிப் பல மாதம் ஆகியிருந்தது. விழாமல் இருக்கத் தாடையை எப்போதும் இறுக்கிக்கொண்டிருப்பாள். தாடைத் தசையின் மின்சாரம் மூளையலையைவிடப் பல மடங்கு பெரியது. ஐந்து வாரமாக அந்த விமானத்தைக் கீழே இழுத்தது பல்செட்.

"மம்மி, பறக்கவிட்டது உன் மூள இல்ல. தாட."

"ப்ளேன் பறந்துச்சா இல்லியா?"

"இது காப்பியடிக்கிறது."

"முப்பத்திநாலு வருஷம் காப்பியடிச்சவங்கள புடிச்சவ நான். எனக்குத் தெரியாதா எப்படி அடிக்கிறதுன்னு?"

டாக்டரிடம் நான் சொல்லவில்லை. அனுஷாவும் சொல்லவில்லை, அடுத்த வாரத்திலிருந்து நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கத் தொடங்கினாள், பல்செட் போட்டுவைக்க.

தீபாவளிக்கு அனுஷா ஒரு நீல மூடி டப்பாவில் அதிரசம் கொடுத்தாள். "பல் இல்லாமயே தின்னலாம் ஆன்ட்டி." எங்கள் வீட்டில் யாருடைய டப்பாவும் வெறுமையாகத் திரும்பிப் போகாது.

"கிறிஸ்மஸ் வரட்டும்," என்றாள் மம்மி. "குல்குல் சுட்டுப் போட்டு நானே மெட்ரோல எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன். நீ வராத."

நிறைவேறாது என்று தெரிந்த திட்ட அறிக்கைக்குத் தலையாட்டுவது போல ஆட்டினேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சிகிச்சை நிலையத்தின் செயலியிலிருந்து செய்தி வந்தது. 'ஜோசஃபின், ஒன்பது நாட்களாக உங்கள் அமைதியைப் பயிற்சி செய்யவில்லை.' கூடவே சோகமான விமானம். இறந்துவிட்டார் என்று பதில் போட்டேன். வருந்தினார்கள். மீதமுள்ள ஐந்து அமர்வுகளைக் குடும்பத்தில் வேறொருவருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

அதே மதியம் அவளுடைய மெட்ரோ கார்டை முடக்க உட்கார்ந்தேன். அது என் ஃபோன் எண்ணில் பதிந்த கார்டு. இரண்டு வருடமாகக் காலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் பயண விவரத்தைத் திறந்தேன்.

தீபாவளிக்கு அடுத்த வியாழனிலிருந்து ஏழு பதிவுகள். எல்லாம் வியாழன், எல்லாம் நான் ஆபீசில் இருந்த நேரம். வீட்டுக்குப் பக்கத்து நிலையமான இந்திராநகரில் உள்ளே, இந்திராநகரிலேயே வெளியே, ஆறு நிமிடம். அடுத்த வாரமும் அதே, பதினான்கு நிமிடம். பிறகு ஒரு நிலையம் தள்ளி விவேகானந்தா ரோடு. மறுபடி விவேகானந்தா ரோடு. பையப்பனஹள்ளி. பென்னிகானஹள்ளி. சாவதற்கு மூன்று நாள் முன்பு, கே.ஆர்.புரம்.

அனுஷாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"தெரியும்க்கா. வியாழக்கிழமை ஆனா ஃபோன் பண்ணுவாங்க, ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்னு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. பாதியில விட்டா நீங்க மார்க் கொறைப்பீங்களாம்."

விமானம் உதவியதா, பிடிவாதமா, இந்தப் பெண்ணிடம் ஃபோனில் சொல்ல ஒரு விஷயம் வேண்டியிருந்ததா, தெரியவில்லை. ஒரே ஒரு ஆள், ஏழு பதிவுகள். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

கே.ஆர்.புரத்திலிருந்து வைட்ஃபீல்டுக்கு இன்னும் பதினொரு நிலையம். மைதா வாங்கி வைத்திருக்கிறாள். குல்குல் இனிப்பு உருண்டைக்கு வரி போடும் முள்கரண்டியை அதன் மேல் எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குச் செய்யத் தெரியாது. நீல மூடி டப்பா கழுவித் துடைத்து ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.