பாலத்தில் நிற்பவர்

கம்பத்தில் கேரளா ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. கடைக்காரம்மா, திராட்சைத் தோட்டத்து வேலைக்குக் கிளம்பியவர்போல, சேலைக்கு மேல் ஓர் ஆண்சட்டை போட்டிருப்பார். மருந்துச் சீட்டை வாசிக்கும்போதெல்லாம் இடது கைக்குள் பத்து முகப் பகடை ஒன்று புரண்டுகொண்டே இருக்கும். அதைக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, மேசைமேல் விரித்திருந்த பழுப்பேறிய வரைபடத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் காலத்து வெளிநாட்டு விளையாட்டு சார். எங்க வீட்டுக்காரவுக பழைய பேப்பர் கடையில எடுத்தாந்தாக. காடு, பாழடஞ்ச கோயில், ஆகாயக் கப்பல்ல துரத்துற வில்லன்னு நான் கதை சொல்லுவேன். அவுகதான் வீரன். என்ன செய்யிறாகன்னு அவுக சொல்லணும். தப்பிச்சாகளான்னு இந்தக் கட்டை சொல்லும்."

"இப்ப கதை எங்க நிக்குது?"

"கயித்துப் பாலம் அறுந்துக்கிட்டு இருக்கு. 'தாவுறேன்டி, இரு, டீ வாங்கிட்டு வந்து உருட்டுறேன்'னு எந்திரிச்சுப் போனாக. அங்கனயே ஜீப்பு அடிச்சிருச்சு."

மழையைப் பார்த்துக்கொண்டே, "நீங்களாவது உருட்டிப் பார்த்திருக்கலாமே" என்றேன்.

"உருட்டாத வரைக்கும் அவுக விழுகலைல்ல சார்?"

போன வாரம் மறுபடி போனேன். பகடை வரைபடத்தின் மேல் கிடந்தது. மேல்முகத்தில் இரண்டு. அம்மா இரண்டு கையாலும் மாத்திரை அட்டையை நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அந்த விளையாட்டில் இரண்டு என்பது தாண்டுகிற எண்ணா, விழுகிற எண்ணா என்று அன்றைக்கே கேட்டு வைத்திருக்கலாம்.