நனைந்த பானெட்

மோகனூரில் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். உடன் வந்த மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் பின்னால் நீலப் புகை எழுந்து, சற்று நேரத்தில் அடங்கியது.

"ஆயில் எரியுதுங்க. மொத ஸ்டார்ட்டுலதான் காட்டிக்குடுக்கும். சூடாயிருச்சுன்னா நல்ல புள்ளையாட்டம் இருக்கும்," என்றார்.

பத்து வயதிலேயே நான் அதை அறிந்திருந்தேன். எங்கள் காரை விற்ற அன்று, அப்பா விடியற்காலையிலேயே அதைக் கிளப்பி, அந்த நீலப் புகையும் காந்தல் நெடியும் கலையும்வரை ஓட்டிவிட்டு வந்தார். சூடு தெரியாதிருக்க, நான் பானெட்டின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். வாங்க வந்தவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க எண்ணிய சேந்தமங்கலத்துக்காரர். ஈரத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர் என் பக்கம் குனிந்தார்.

"ஏஞ்சாமி, காத்தால வண்டிய எடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"கொழந்த பொய் சொல்லாதுங்க," என்று அப்பாவிடம் சிரித்துச் சாவியை வாங்கிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்துப் பள்ளிக்குப் போகும் வழியில் அவரைக் கண்டேன். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் சாலையில் இறங்கி நின்று ஏசிக்கொண்டிருக்க, அவர் நீலப் புகைக்கு நடுவே பானெட்டைத் திறந்துகொண்டிருந்தார். அந்நிலையிலும் என்னைப் பார்த்து, "நல்லாருக்கயா சாமி?" என்றார். என்மேல் அவருக்கு ஐயமே எழவில்லை.

"இன்னைக்குத்தானுங்க இப்பிடிப் பொகையுது," என்றார் மோகனூரில் காரை விற்பவர். "வேணும்னா எம் பாப்பாவக் கேட்டுப் பாருங்க."

வாசற்படியில் நின்ற சிறுமி தந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"கொழந்தையக் கேக்க வேண்டாமுங்க," என்றேன்.